சைடிங்கிலிருந்து மாநகராட்சி வரை: ஆவடி என்கிற ஊர்

ஆவடி என்ற பெயருக்கு விளக்கம் கேட்டால் இங்கே பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் சொல்வது ஒன்றுதான்: "ஆர்மர்டு வெஹிகிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா." முதல் எழுத்துகளைச் சேர்த்தால் ஆவடி. ஷேர் ஆட்டோக்காரர் சொல்வார், பள்ளிக்கூட ஆண்டு மலரில் இருக்கும், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பையன்கள் குறிப்பேட்டில் எழுதி வைத்திருப்பார்கள். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரே சிக்கல், இங்கே டாங்கித் தொழிற்சாலை அமைப்பதற்கான ஏற்பாடுகள் தொடங்கியது 1961-ல். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1955 ஜனவரியில், இந்திய தேசிய காங்கிரஸ் தன் வருடாந்திர மாநாட்டை இங்கே நடத்தி, 'ஆவடி தீர்மானம்' என்று வரலாற்றுப் புத்தகங்களில் ஏறிவிட்ட ஒன்றை நிறைவேற்றியிருந்தது. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அதன் பெயரில் ரேஷன் அட்டை வாங்க முடியாது.

'ஆ' என்றால் பசு, 'அடி' என்றால் இடம் அல்லது காலடி, மாடுகள் மேய்ந்த நிலம் என்பது இன்னொரு விளக்கம். இது உண்மையோ இல்லையோ, நிலத்தைப் பார்த்தால் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. மேடும் பள்ளமும் அதிகம் இல்லாத சமவெளி, நடுநடுவே ஏரிகள், ஏரிக்குக் கீழே நஞ்சை, மேலே மேய்ச்சல் காடு. எனக்கு இதில் சுவாரஸ்யமாகப் படுவது சொல்லின் வேர் அல்ல. ஓர் ஊர் மக்கள் தங்கள் ஊரின் பெயரே ராணுவம் வைத்தது என்று இவ்வளவு சுலபமாக நம்புகிறார்களே, அதுதான். நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற ஆவடி முழுக்க அரசாங்கம் கட்டியது. மதில், கேட், காவல் கூண்டு, 'அனுமதியின்றி உள்ளே நுழையாதே' பலகை. இவற்றுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு, பெயரும் அந்தப் பலகையிலிருந்து வந்ததாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை.

ஆனால் பலகைக்கு முந்தைய ஊர் ஒன்று இருந்தது. சரியாகச் சொன்னால், ஓர் ஊர் இல்லை, பல ஊர்கள். பருத்திப்பட்டு, சேக்காடு, தண்டுரை, விளிஞ்சியம்பாக்கம், கோவில்பதாகை, மிட்டனமல்லி, அண்ணனூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம். இன்றைய ஆவடி மாநகராட்சி என்பது இவை எல்லாவற்றையும் ஒரு கோட்டுக்குள் அடைத்துக்கொண்டது. இதில் வயதில் மூத்தது திருமுல்லைவாயல். தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் ஒன்றான புழல் கோட்டத்தைச் சேர்ந்த ஊர். சுந்தரர் பதிகம் பெற்ற தலம். மாசிலாமணீசுவரர் கோவிலில் எருக்கந்தூண் என்று காட்டுவார்கள். தொண்டைமான் யானையின் காலை முல்லைக்கொடி சுற்றிக்கொண்ட கதையையும் சொல்வார்கள். ஆக, இன்றைக்கு ஆவடியின் ஒரு பகுதியாக முகவரியில் எழுதப்படும் திருமுல்லைவாயலுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெயர் இருக்கிறது. பெரிய ஊர் சின்ன ஊரை விழுங்குவதுதான் வழக்கம். இங்கே பழைய ஊரைப் புதிய ஊர் விழுங்கியிருக்கிறது.

இந்த ஊர்களை இணைத்த முதல் நூல் ரயில்பாதை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. சுமார் நூறு கிலோமீட்டர். அந்தத் தடம் இந்தச் சமவெளி வழியாகத்தான் மேற்கே போனது. பம்பாய்க்கும் பெங்களூருக்கும் போகிற வண்டிகள் இன்றும் இதே தடத்தில்தான் போகின்றன. ஆனால் ரயில் வந்ததால் ஆவடி உடனே நகரமாகிவிடவில்லை. கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகள் வண்டிகள் இந்தப் பக்கமாகப் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருந்தன. ஏரிப் பாசனமும் மேய்ச்சலும் பாட்டுக்கு நடந்தன. நகரம் உருவாக ரயில் மட்டும் போதாது என்பதற்கு இந்தத் தடத்திலேயே நிறைய நிலையங்கள் சாட்சி.

போர்தான் மாற்றியது. 1942 ஏப்ரலில் ஜப்பான் தாக்கும் என்ற பயத்தில் சென்னையே காலியானதைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மக்கள் நகரத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த அதே காலத்தில் ராணுவம் உள்ளே வந்தது. பர்மா முனைக்கும் அதற்கு அப்பாலும் அனுப்ப ஆட்களும் தளவாடங்களும் சேர்த்து வைக்க இடம் வேண்டும். துறைமுகத்துக்கு ரயிலில் ஒரு மணி நேரம், ஆனால் கடலிலிருந்து வருகிற பீரங்கிக்கு எட்டாத தூரம், தட்டையான நிலம், தண்ணீர் உள்ள ஏரிகள். ஆவடி அதற்கு வாகாக அமைந்தது. முகாம்கள் வந்தன, கிடங்குகள் வந்தன. பட்டாபிராமிலிருந்து ஒரு கிளைப் பாதை ராணுவக் கிடங்குகளை நோக்கிப் போகிறது. அதன் முனையில் உள்ள நிலையத்தின் பெயர் 'பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்'. புறநகர் மின்சார ரயிலின் நெற்றியில் இந்தப் பெயரைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் குழம்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். "சைடிங்னா என்னா சார், ஊரா?" என்று ஒருவர் சென்ட்ரலில் கேட்டார். ஊராகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சரக்கு வண்டியை ஒதுக்கி நிறுத்தும் கிளைத் தடத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் தொழிற்பெயர் அது. அதுவே மக்கள் இறங்குகிற இடமாக, வீட்டு விளம்பரத்தில் அடையாளமாக மாறிவிட்டது. அடுத்தடுத்த நிலையங்களில் ஒன்றின் பெயர் 'இந்து காலேஜ்'. ஒரு கல்லூரியின் பெயரும் ஒரு சைடிங்கின் பெயரும் ஊர்ப் பெயர்களாக நிற்கிற தடம் இது.

போர் முடிந்தது, ராணுவம் போய்விடவில்லை. நிலம் கையில் இருந்தது. சுதந்திரம் வந்தபோது அந்த நிலமும் கிடங்கும் புதிய இந்திய அரசுக்குச் சேர்ந்தன. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம் என்று நினைக்கிறேன். ஆவடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1955-லிருந்தோ 1961-லிருந்தோ தொடங்குகிறார்கள். நான் 1940-களிலிருந்து தொடங்கவே விரும்புவேன். ஒரு முறை அரசாங்கத்தின் கைக்குப் போன சமவெளி அதன் பிறகு அரசாங்கத்தின் தேவைக்கே பயன்பட்டது. அந்தத் தேவைதான் மாறிக்கொண்டே வந்தது.

1955 ஜனவரி மாநாட்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். காமராசர் முதலமைச்சராகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. 1954 ஏப்ரலில் ராஜாஜியிடமிருந்து பொறுப்பேற்றவர். 1927-ல் சென்னையில் அன்சாரி தலைமையில் கூடிய பிறகு காங்கிரஸ் மாநாடு இந்தப் பக்கம் வருகிறது. மாநாட்டுத் திடலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பெயர் வைத்தார்கள். 1943-ல் இறந்துபோன தன் அரசியல் ஆசானுக்குக் காமராசர் செய்த மரியாதை என்று அதைப் புரிந்துகொள்ளலாம். தலைமை யு.என். தேபர், சௌராஷ்டிர முதலமைச்சராக இருந்தவர், நேருவிடமிருந்து கட்சித் தலைமையை வாங்கிக்கொண்டவர். காங்கிரஸ் மாநாடு என்றால் அந்தக் காலத்தில் ஒரு தற்காலிக நகரத்தையே எழுப்புவது வழக்கம். பந்தல், பிரதிநிதிகளுக்குக் குடில், சமையல் கூடம், குடிநீர், தபால் நிலையம், கதர்க் கண்காட்சி. சில நாள் நகரம். அதைச் சென்னைக்குள் எழுப்ப இடம் இல்லை. சென்னைக்கு வெளியே ரயில் நிறுத்தமும் அகலமான வெளியும் சேர்ந்து கிடைத்த இடம் இது.

அங்கே நிறைவேறிய தீர்மானத்தின் சாரம் எளிமையானது. நாட்டின் திட்டமிடல் சோஷலிச பாணிச் சமுதாயத்தை நோக்கி நடக்க வேண்டும். முக்கியமான உற்பத்திச் சாதனங்கள் சமூகத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும். உற்பத்தி பெருக வேண்டும். செல்வம் நியாயமாகப் பகிரப்பட வேண்டும். 'சோஷலிசம்' என்று சொல்லாமல் 'சோஷலிச பாணி' என்று சொன்னதை அன்றைக்கே பலர் கேலி செய்தார்கள். அடுத்த மாதமே ஆந்திராவில் தேர்தல் இருந்தது. அங்கே கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிக்கக்கூடும் என்ற பேச்சு பலமாக இருந்தது. அவர்களின் கொடியிலிருந்து ஒரு முழத்தைக் கிழித்துத் தன் கொடியில் தைத்துக்கொள்ளும் வேலையையும் ஆவடி தீர்மானம் செய்தது என்று சொன்னால் அது அநியாயம் ஆகாது. ஆந்திராவில் காங்கிரஸ் ஜெயித்தது. அதற்காகத் தீர்மானத்தை வெறும் தேர்தல் உத்தி என்று தள்ளிவிடவும் முடியாது. அடுத்த ஆண்டு வந்த 1956 தொழிற்கொள்கையும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டமும் இந்தத் தடத்தில்தான் போயின. அந்தக் கொள்கையின் முதல் பட்டியலில், அரசே நடத்த வேண்டிய பதினேழு தொழில்களில், ஆயுதமும் வெடிமருந்தும் இருந்தன.

அதே 1955 அக்டோபர் 2-ம் தேதி இதே ரயில் தடத்தில் பெரம்பூருக்குப் பக்கத்தில் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையை நேரு திறந்து வைத்தார். ஆவடியில் பேசியதன் முதல் தவணை என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அம்பத்தூரில் ஏற்கனவே டி.ஐ. சைக்கிள்ஸ் இருந்தது, 1960-களில் தொழிற்பேட்டை வந்தது. சென்னையின் மேற்கு ஓரம் முழுக்கத் தொழிலாளர்கள் வந்து குடியேறும் நிலமாக மாறியது இந்தப் பத்து ஆண்டுகளில்தான்.

ஆவடியின் பங்குக்கு வந்தது டாங்கி. 1961 ஆகஸ்டில் இந்திய அரசு பிரிட்டனின் விக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. அப்போது பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன். விக்கர்ஸ் வடிவமைத்த டாங்கியை இந்தியாவில் கட்ட வேண்டும், முதலில் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தி, பிறகு மெல்ல மெல்ல இங்கேயே செய்துகொள்ள வேண்டும். எதற்கு ஆவடி? பாகிஸ்தான் எல்லையிலிருந்தும் சீன எல்லையிலிருந்தும் எவ்வளவு தள்ளியிருக்க முடியுமோ அவ்வளவு தள்ளியிருக்கிறது. ராணுவ நிலம் ஏற்கனவே இருக்கிறது. துறைமுகமும் அகல ரயில்பாதையும் பக்கத்தில். எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு என்று மோட்டார் தொழில் தெரிந்த ஆட்கள் சென்னையைச் சுற்றி உருவாகிக்கொண்டிருந்தார்கள். மாநிலத்தில் காமராசரும் தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமனும் டில்லியிலிருந்து எதையாவது கொண்டுவர எப்போதும் தயாராக இருந்தார்கள். அதே 1961-ல் ராணுவ உடுப்புகள் தைக்கும் ஓ.சி.எஃப். தொழிற்சாலையும் இங்கே வந்துவிட்டது. 1962-ல் சீனப் போர் வந்து எல்லாவற்றையும் அவசரப்படுத்தியது.

ஆவடியில் கட்டிய முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965 டிசம்பரில். பாகிஸ்தானோடு நடந்த போர் செப்டம்பரில் முடிந்திருந்தது. மூன்று மாதம் தாமதம். ஆனால் அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஊரில் யாரும் பேசுவதில்லை. 'விஜயந்தா' என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதில் ஓடியது லேலண்ட் எல்-60 எஞ்சின். வயலில் ஏர் ஓட்டியவர் மகன் லேத்தில் நின்று ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தை அளந்தான் என்பதெல்லாம் பேச்சு மேடைக்கு ஏற்ற வாக்கியம். நடந்தது அவ்வளவு நேராக இல்லை. முதல் தலைமுறைத் தொழிலாளர்களில் பலர் வெளியிலிருந்து வந்தவர்கள். வட ஆற்காடு, செங்கல்பட்டு, தென் மாவட்டங்கள், கேரளம், ஆந்திரம், அதற்கும் வடக்கே. உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் கிடைத்தது பெரும்பாலும் கூலி வேலையும், வந்தவர்களுக்கு வீடு வாடகைக்கு விடும் வாய்ப்பும், பால் ஊற்றும் வியாபாரமும்தான். எங்கள் தெருவில் எச்.வி.எஃப்.பில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்து ஆள். "நாங்க வந்தப்போ இந்த ஊரு ஆளுங்க எங்கள 'பேக்டரி ஆளு'ன்னுதான் கூப்புடுவாங்க தம்பி. பேரே கிடையாது. அம்பது வருசம் கழிச்சி இப்ப நாங்கதான் இந்த ஊரு ஆளுங்க" என்று சிரிப்பார்.

தொழிற்சாலையோடு எஸ்டேட் வந்தது. அகலமான தெரு, வரிசை வீடு, மைதானம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட். உள்ளே தண்ணீர் நேரத்துக்கு வரும், சாக்கடை மூடியிருக்கும், மரம் இருக்கும். வெளியே வந்தால் வேறு ஊர். எஸ்டேட்டில் இடம் கிடைக்காதவர்களும், ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்களும் மதிலுக்கு வெளியே மனை வாங்கினார்கள். ஏரிக்குக் கீழே இருந்த நஞ்சை, மனையாகப் பிரிந்தது. எந்தத் தலைவர் பெயரிலாவது ஒரு நகர், அதில் பத்தடித் தெருக்கள், முதல் மழைக்கே முழங்கால் தண்ணீர். ஒரே தொழிற்சாலையில் ஒரே பெஞ்சில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் எஸ்டேட் வாசி, இன்னொருவர் நகர் வாசி. சாயங்காலம் இரண்டு வேறு நூற்றாண்டுகளுக்குத் திரும்பினார்கள். பிறகு மத்திய ரிசர்வ் போலீஸ் படை, விமானப் படை, தமிழ்நாடு சிறப்புக் காவல் படை, டாங்கி வடிவமைப்பு ஆராய்ச்சி நிலையமான சி.வி.ஆர்.டி.இ., 1987-ல் எஞ்சின் தொழிற்சாலை என்று மதில்கள் கூடின. மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே கிடைத்த இடத்தில் ஊர் வளர்ந்தது. ஆவடியின் வரைபடத்தை ஒரு முறை பாருங்கள். ஊர் நடுவில் இருந்து வெளியே பரவியிருக்காது. காலியாக விட்ட இடத்தை நிரப்பியிருக்கும்.

இங்கேதான் உள்ளாட்சியின் பிரச்சினை தொடங்குகிறது. ஒரு நகராட்சிக்கு வருமானத்தின் முதுகெலும்பு சொத்து வரி. அரசியலமைப்பின் 285-வது பிரிவு மத்திய அரசின் சொத்துக்கு மாநிலமோ மாநிலத்துக்கு உட்பட்ட உள்ளாட்சியோ வரி போட முடியாது என்கிறது. ஆவடியின் பெரிய கட்டடங்கள், பெரிய நிலங்கள் எல்லாம் அந்தப் பிரிவின் குடைக்குக் கீழே. வரிக்குப் பதிலாகச் சேவைக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. அது சம்பந்தமாக ராஜ்கோட் மாநகராட்சி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009-ல் தீர்வு வந்தது. உள்ளாட்சியின் சேவைகளை எந்த அளவுக்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்து, வழக்கமான சொத்து வரியில் 75 சதவீதம், 50 சதவீதம் அல்லது மூன்றில் ஒரு பங்கு. எஸ்டேட்டில் தண்ணீரும் தெருவிளக்கும் சொந்த ஏற்பாடு என்றால் கீழ் விகிதம்தான். அதாவது ஊரில் வசதி நன்றாக உள்ள இடம் குறைவாகக் கட்டுகிறது; சாக்கடைகூட இல்லாத நகர்வாசி முழு வரி கட்டுகிறார். இதில் யாரையும் திட்டவும் முடியாது. சட்டம் அப்படி. ஆனால் பக்கத்து ஊர்களில் தொழிற்சாலை வந்தால் உள்ளாட்சி கொழிக்கும், ஆவடியில் ஏன் கொழிக்கவில்லை என்பதற்கு இதை விட்டால் நல்ல விடை எனக்குத் தெரிந்து இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஜாம்ஷெட்பூர் இருக்கிறது. அங்கே ஊரையே கம்பெனி நடத்தியது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி வேண்டுமா என்ற வழக்கு பல பத்தாண்டுகள் இழுத்தது. நெய்வேலியிலும் டவுன்ஷிப் கம்பெனியுடையது. ஆவடி அந்த வகை இல்லை. இங்கே மதிலுக்குள் ஒரு நிர்வாகம், வெளியே இன்னொரு நிர்வாகம், இரண்டும் ஒரே பெயரில். முதலில் டவுன்ஷிப், பிறகு நகராட்சி. வயதானவர்கள் இன்னும் வரி கட்டப் போவதை "டவுன்ஷிப்புக்குப் போறேன்" என்று சொல்லக் கேட்கலாம்.

2011-ல் சென்னை மாநகராட்சி பெருத்தது. ஒன்பது நகராட்சிகள், எட்டுப் பேரூராட்சிகள், இருபத்தைந்து ஊராட்சிகள், மொத்தம் 42 உள்ளாட்சிகளை விழுங்கி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. அம்பத்தூர் உள்ளே போய்விட்டது. தொழிற்பேட்டையின் வரியோடு, நான்கரை லட்சம் மக்களோடு, ஒரு தனி நகரமாக இருக்கத் தகுதி எல்லாம் இருந்த ஊர், சென்னையின் ஒரு மண்டலமாகிவிட்டது. கோடு அம்பத்தூரோடு நின்றது. அடுத்த ஊரான ஆவடி வெளியே. அப்போது இங்கே பலருக்கு வருத்தம். சென்னைக்காரர் என்று சொல்லிக்கொள்ள முடியாமல் போன வருத்தம் ஒரு பக்கம், மெட்ரோ தண்ணீர் வராமல் போன வருத்தம் இன்னொரு பக்கம். புழல் ஏரி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 1870-களிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரி. அதன் கரைக்குப் பக்கத்தில் உள்ளவர்கள் லாரித் தண்ணீர் வாங்கினார்கள்.

வெளியே விட்டதால்தான் ஆவடி தனி மாநகரமானது என்றும் சொல்லலாம். 2011 கணக்கெடுப்பில் ஆவடியின் மக்கள்தொகை சுமார் 3.45 லட்சம். அதே ஆண்டில் ஆவடி முதல் தடவையாகத் தனிச் சட்டமன்றத் தொகுதியாகவும் வாக்களித்தது. 2019 ஜூனில் தமிழ்நாட்டின் பதினைந்தாவது மாநகராட்சியாக அறிவித்தார்கள். திருவள்ளூர் மாவட்டத்தின் முதல் மாநகராட்சி. 1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து அரச சாசனத்தில் பிறந்த சென்னை மாநகராட்சிக்கும் இதற்கும் இடையே 331 ஆண்டுகள், இருபத்து மூன்று கிலோமீட்டர். பெயர்ப் பலகை உடனே மாறியது. தேர்தல் வர 2022 பிப்ரவரி ஆனது. நாற்பத்தெட்டு வார்டுகள். மேயர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சுற்றுவட்டார கிராமங்களில் காலனி என்று தனியே ஒதுக்கப்பட்ட மக்களிலிருந்துதான் இந்த நகரத்தின் முதல் மேயர் வர வேண்டும் என்று விதி அமைந்தது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. 2022 புத்தாண்டில் ஆவடிக்குத் தனிப் போலீஸ் கமிஷனரகமும் வந்தது.

இந்த ஏற்றங்களுக்கு நடுவே, 2021 அக்டோபர் 1-ம் தேதி, ஊரைப் பெற்ற தொழிற்சாலை வேறு ஒன்றாக மாறியது. நாடு முழுவதும் இருந்த 41 படைக்கலத் தொழிற்சாலைகளை நடத்திய வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகள் ஆக்கினார்கள். டாங்கித் தொழிற்சாலையும் எஞ்சின் தொழிற்சாலையும் ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்டு வெஹிகிள்ஸ் நிகம் என்ற கம்பெனிக்குள் போயின. உடுப்புத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு கம்பெனிக்கு. தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது அதைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. பங்கு முழுவதும் அரசிடம்தான் இருக்கிறது, கவலை வேண்டாம் என்கிறார்கள். "நாங்க சென்ட்ரல் கவர்மென்ட்டு. எம் பையன் கம்பெனி ஸ்டாஃபு. ஒரே கேட்டு, ஒரே மிஷினு" என்கிறார் எங்கள் தெருப் பெரியவர். 1955 தீர்மானம் நிறைவேறிய ஊரிலேயே இது நடந்ததை எந்தச் செய்தித்தாளும் பெரிதாகச் சொன்ன மாதிரி நினைவில்லை. உள்ளூரிலும் யாரும் அந்த முடிச்சைப் போடவில்லை. இப்போது இங்கே பேச்சு, 2024 நவம்பரில் பட்டாபிராமில் திறந்த டைடல் பார்க்கைப் பற்றியும், கோயம்பேட்டிலிருந்து வருவதாகச் சொல்லும் மெட்ரோவைப் பற்றியும்தான்.

நான் இருப்பது வெள்ளானூரில். ஆவடிக்கு வடக்கே. இன்னும் ஊராட்சி. வில்லிவாக்கம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. வில்லிவாக்கம் சென்னைக்குள் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. அதன் பெயரில் ஓர் ஒன்றியம் மட்டும் இங்கே கிராமங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வீடு இடித்த பிறகும் வாசற்படி கிடக்கிற மாதிரி. எங்கள் பக்கம் என்ஜினீயரிங் கல்லூரிகள் வந்தன, வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்கு 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை வந்தது, அதன் கூடவே மனை விலை வந்தது. நெல் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

2025 ஜனவரி தொடக்கத்தில் தமிழக அரசு பல மாநகராட்சிகளை விரிக்கும் திட்டத்தை அறிவித்தது. ஆவடியோடு பூந்தமல்லி, திருவேற்காடு, திருநின்றவூர் நகராட்சிகளையும் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் சேர்ப்பது அதில் ஒன்று. அதே வாரத்தில், ஜனவரி 5-ம் தேதியோடு, எங்கள் மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலமும் முடிந்தது. தலைவர், வார்டு உறுப்பினர் என்று யாரும் இல்லை. தனி அலுவலர் பொறுப்பு. ஊராட்சி கரைந்துவிடுமா என்ற கேள்வி, ஊராட்சிக்காகப் பேசத் தேர்ந்தெடுத்த ஆள் யாரும் இல்லாத நேரத்தில் வந்தது. திட்டமிட்டுச் செய்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் அமைந்தது.

டீக்கடையில் கணக்குப் போடுகிறார்கள். மனை வைத்திருப்பவர் சேர வேண்டும் என்கிறார். மாநகராட்சி எல்லை என்று பத்திரத்தில் வந்தால் சதுர அடிக்கு விலை ஏறும். நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்கள் வேண்டாம் என்கிறார்கள். அந்தத் திட்டம் கிராமத்துக்குத்தான், மாநகராட்சிக்குக் கிடையாது. "ரோடு போடுவாங்களாம், போடட்டும். நாங்க எங்க போயி மண்ணு வெட்றது?" என்று கேட்ட அம்மாவுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் வரி உயர்ந்தால் வாடகையும் உயரும் என்று பயப்படுகிறார்கள். எனக்கு இழக்க மனமில்லாதது கிராம சபை. குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1-ல் உள்ளாட்சி தினம் என்று ஆண்டுக்கு ஆறு தடவை. பாதிக்குப் பாதி சண்டையாகத்தான் இருக்கும். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவதும் உண்டு. இருந்தாலும் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று 'போன வருஷம் கால்வாய்க்கு வந்த பணம் என்ன ஆச்சு' என்று கேட்கலாம். மாநகராட்சியிலும் பகுதி சபை என்று விதி எழுதியிருக்கிறார்கள். ஆவடிக்குள் இருக்கும் நண்பர்கள் நான்கு பேரிடம் கேட்டேன். கடைசியாக அவர்கள் வார்டில் அது எப்போது கூடியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் கடைசியாக நான் போன கிராம சபையில் இணைப்பைப் பற்றிப் பேச ஒரு பெண் எழுந்தார். தீர்மானமாக எழுதிக்கொள்ளச் சொன்னார். எழுதினார்கள். பிறகு தெருவிளக்குப் பிரச்சினை வந்தது, குப்பை வண்டி வந்தது, ஏரி மதகு வந்தது. மதகுக்குத்தான் அதிக நேரம் ஆனது.